தறி நின்ற சத்தம்

சாப்பிடும்போது விக்னேஷின் கை பாதி வழியில் நின்றுவிடும். சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்பான். பால்வாடிக்குப் போன காலத்திலிருந்தே அப்படித்தான். "மூலை வூட்டுத் தறியில நூல அடிக்கிற பலகை தளர்ந்துடுச்சிம்மா" என்பான். போய்ப் பார்த்தால் தளர்ந்திருக்கும். அம்மா நீலாம்பாள் முதலில் பெருமைப்பட்டார், பிறகு அலுத்துக்கொண்டார். பட்டம் வாங்கிய பிறகும் பையன் தட்டின் முன்னால் அப்படியே உறைந்து உட்காருவதைப் பார்த்து இப்போது கவலைப்படுகிறார்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தறிகள். காலையில் ஆரம்பிக்கும் சத்தம் விளக்கு வைக்கிற வரை ஓயாது. அங்கே பிறந்தவர்களுக்கு அது சத்தமாகவே படாது. விக்னேஷுக்கு மட்டும் பட்டது. அதனால்தான் ஒலிப்பதிவும் சொல்லித்தருகிற விஸ்காம் படித்தான். அந்த வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவன். அவன் என்ன படித்தான் என்பதை அப்பா கலியாணசுந்தரத்தால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர் மாதிரி" என்று சொல்லிவிடுவார்.

எங்கெங்கோ எழுதிப்போட்டு ஓய்ந்த சமயத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. சினிமா, சீரியல், வெப் சீரிஸ், கேம் என்று எல்லாம் செய்கிற பெரிய நிறுவனம். ஒலிப் பிரிவில் உதவியாளர் வேலை. போனில் பேசிய பிரியதர்ஷினி என்ற பெண் சொன்னாள்: "இன்டர்வியூக்கு வரும்போது ஒரு நிமிஷம் ஓடுற ஆடியோ கொண்டு வாங்க. மியூசிக் வேணாம், டயலாக் வேணாம். கேக்கறவங்களுக்கு பயம் வரணும். நெட்ல இருந்து எடுத்தா கண்டுபிடிச்சிடுவோம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. இது போனால் பேங்க் பரீட்சைதான் என்று வீட்டில் பேச்சு.

முதலில் நாக்கைப் பழக்கினான். அப்பா, அம்மா உட்பட எல்லோரையும் வா, போ என்றே பேசி வளர்ந்த வாய். அங்கே போய்த் தவறிவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து வீட்டிலும் 'ங்க' போட்டுப் பேசத் தொடங்கினான்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

"இன்னாடா இது, சம்மந்தி வூட்டுக்காரன் மாதிரி? எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது."

"வுடு நீலா," என்றார் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அப்பா. "இந்த வூட்டுல நமக்கும் ஒரு மரியாதை கெடைக்கட்டும்."

நாக்கு பழகிவிட்டது. பயம்தான் பிடிபடவில்லை. கோயில் மண்டபத்து வௌவால், நாயின் ஊளை, துருப்பிடித்த கதவு என்று போனில் பிடித்து வந்தான். திரும்பக் கேட்டால் யாரோ பயமுறுத்தப் பார்ப்பது போல இருந்தது, பயம் வரவில்லை. கடைசியில் அம்மாவிடம் கேட்டான்.

"ஒங்களுக்கு எந்தச் சத்தம் கேட்டா பயம்?"

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. "சத்தம் இல்லடா. தறிங்க வரிசையா நிக்கும் பாரு, அது."

அந்தத் தெருவில் யாராவது கண்ணை மூடினால் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு வாசலில் நின்று "நிறுத்துங்கப்பா" என்பார்கள். அவ்வளவுதான். அந்தத் தறி நிற்கும். அது நின்றதைக் கேட்டு அடுத்த வீட்டுத் தறி நிற்கும். அப்படியே, யாரும் போய்ச் சொல்லாமலே, தெருக்கோடி வரை நின்றுகொண்டே போகும். பிணத்தை எடுக்கிற வரை யாரும் தறியில் இறங்க மாட்டார்கள்.

விக்னேஷுக்கு முதுகு சில்லிட்டது. கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் அந்தச் சில்லிப்பில் இருந்தது. அடுத்த நொடி இன்னொன்றும் புரிந்தது. அந்தச் சத்தம் வேண்டுமென்றால் ஒரு சாவு வேண்டும்.

எதிர்வீட்டில் வீரபாகு படுக்கையில் கிடந்தார். நுரையீரல் கெட்டுப்போய், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள். உறவில்லை என்றாலும் விக்னேஷுக்கு அவர் பெரியப்பா. சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்துதான் கருட சேவை பார்த்தான்.

மொட்டைமாடியில் மைக்கைக் கட்டிவைத்தான். காலையிலும் மாலையிலும் எதிர்வீட்டுக்குப் போய்வந்தான். போர்வைக்குள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காது தானாக அளக்கும்.

"பெத்த புள்ளைங்க போன்ல கேக்கறதோட சரி," என்று பட்டம்மாள் அவனுக்குக் காபி கொடுத்தார். அவர் வீரபாகுவின் மனைவி. "நீதாம்பா வந்து வந்து பாக்கற. நல்லா இருப்ப."

அவன் டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

வீரபாகு கண்ணைத் திறந்தார். "இன்னாடா, தெனம் எட்டிப் பாத்துக்கினு போற? எம்மேல பந்தயம் கிந்தயம் கட்டியிருக்கறியா?"

"சும்மா இருங்க, வாயில நல்ல வார்த்த வராது," என்று பட்டம்மாள் அதட்டினார். விக்னேஷ் சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றமாக இருந்தது. எதற்கு ஏமாற்றம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். சரி, அப்பாவின் தறி மட்டும் நிற்பதை எடுத்து, கம்ப்யூட்டரில் அதையே பல தறியாக அடுக்கிவிடலாம் என்று முடிவுசெய்தான். மாடிக்குப் போய் ஹெட்போனை மாட்டினான். தெருப்பக்கம் குனிந்து குரல் கொடுத்தான்.

"அப்பா! நிறுத்துங்கப்பா!"

முந்தின வாரத்து விக்னேஷாக இருந்தால் 'நிறுத்துப்பா' என்றிருப்பான். 'ங்க' சேர்ந்ததில் அது சாவுச் சொல்லாகிவிட்டது.

அப்பாவின் தறி நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பக்கத்து வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்தது, பலகை பாதியில் அடித்து நின்றது. எதிர்வரிசையில் ஒன்று. நின்று நின்று அந்த அமைதி தெருவில் நடந்து போனது. அது கோடியைத் தொடுவதற்குள் "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்று ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. கத்தினால் ரெக்கார்டிங் கெட்டுவிடும்.

கடைசித் தறியும் நின்ற பிறகு, தெருவில் அதுவரை இருந்ததே தெரியாத காக்கைகளின் சத்தம் கேட்டது.

கதவுகள் திறந்தன. பெண்கள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டே நேராக வீரபாகு வீட்டுக்கு நடந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. குழாயடியிலிருந்து வந்த பட்டம்மாள் தன் வாசலில் கூட்டத்தைப் பார்த்தார். தான் இல்லாத நேரத்தில் போய்விட்டார் என்று நினைத்துக் குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

வீரபாகு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தறிகள் நின்றதை அவரும் கேட்டிருந்தார்.

"யாருடி?" என்றார்.

பட்டம்மாள் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். வாசலில் ஒருத்தி ஓங்கி அழ ஆரம்பித்தாள்.

"நானா?" என்றார் அவர்.

விஷயம் தெரிந்ததும் தெரு விக்னேஷைக் கிழித்தது. "படிக்க வெச்சா சாவுக்கு ஆள் புடிக்கிறான்" என்று ஒருவர் துப்பினார். அப்பா மறுபடி தறிக்குழியில் இறங்கினார். ஆனால் மிதியில் காலை வைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

பொழுது சாய்ந்து விக்னேஷ் எதிர்வீட்டுக்குப் போனான். பட்டம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீரபாகு கையசைத்து அருகே கூப்பிட்டார்.

"கோடி வூடு வரைக்கும் போச்சா?"

"போச்சி பெரியப்பா. தெரியாம… வாய் தவறிடுச்சி."

தெரியாமலா என்று அவர் கேட்கவில்லை. அவன் உள்ளுக்குள் அந்தக் கேள்வி ஓடியது.

"நல்லாத்தான் நின்னுச்சி," என்றார். இரண்டு மூச்சு வாங்கினார். "ஒரு ஆளுக்கு ஒரு வாட்டிதான்டா நிக்கும். என்னுத நீ எடுத்துக்கின. திருப்பிக் குடுத்துடணும், ஆமா." கிண்டலா நிஜமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

மறுநாள் குளிரூட்டிய அறையில் மூன்று பேர் அதைக் கேட்டார்கள். ஆரம்பத்திலிருந்த தன் குரலை விக்னேஷ் வெட்டியெடுத்திருந்தான். பாதியிலேயே ஒருவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். பிரியதர்ஷினி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "இது என்ன சத்தம்?"

"தறிங்க மேடம். நிக்கிறது."

"எதுக்கு நிக்குது?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு," என்றான் விக்னேஷ்.

வேலை கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்தை நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒரு பேய்த் தொடரின் முதல் காட்சியில் அதைச் சேர்த்துக்கொண்டிருந்த மாதத்தில் அம்மா போன் செய்தார்.

"பெரியப்பா போயிட்டாருடா."

அவன் போனைக் காதோடு அழுத்தினான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"எல்லாரும் நிறுத்திட்டாங்களாம்மா?"

"இன்னாத்த நிறுத்தறது? இன்னிக்கு அமாவாசைடா, தறி ஓடாத நாளு. யாரு தறியில எறங்கனாங்க, நிறுத்தறதுக்கு? நாளைக்கு வரைக்கும் வெச்சிக்கினு இருக்க முடியாதாம், இன்னிக்கே எடுக்கறாங்க. நீ வரியா?"

அன்று அந்தத் தொடருக்கு ஒலி மிக்ஸிங். அவன் போகவில்லை. பட்டம்மாளிடம் போனிலும் பேசவில்லை. வீரபாகுவுக்காக எந்தத் தறியும் நிற்கவில்லை. அவருக்குரிய அந்த நிறுத்தம் இன்னும் விக்னேஷிடம்தான் இருக்கிறது.