மூன்றாம் பேஸில் இவரை நிறுத்தாதீர்கள்

ஓர் அணி முழுதாக விளையாடுவது பனிக்காலத்தில்தான். இது என் கட்சி. கோடையில் இருப்பது வெறும் பந்து, வெறும் மட்டை, வெறும் ஓட்டம். நவம்பரில் மைதானத்தின் மேல் பனி விழுந்து, கோடுகள் மறைந்து, வேலியில் தொங்கும் பலகைக்கும் வெள்ளைத் தொப்பி வந்த பிறகுதான் பெரிய ஆட்டம் தொடங்கும். யார் போகிறார், யார் வருகிறார், யாரை எங்கே நிறுத்துவது என்று வாயால் ஆடும் ஆட்டம். அதற்கு முழங்கால் தேவையில்லை. மூன்றரை மணிக்கே இருட்டுகிற ஊரில் அதைவிட நல்ல வெளிச்சமும் இல்லை.

எங்கள் பேஸ்போல் அணி என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். நோர்வேயில், நாங்கள் இருக்கும் ரொம்சோஸ் குன்றிலிருந்து இறங்கினால் வரும் ஒரு சரளைக்கல் மைதானம். ஒரு கியூபாக்காரர், இரண்டு அமெரிக்கர், ஒரு ஜப்பானியச் சமையல்காரர், பிலிப்பைன்ஸ் நாட்டு நேர்ஸ் ஒருத்தி, மிச்சம் நோர்வேக்காரர். அவர்களோடு என் மனுசன். பார்வையாளர் என்று எடுத்தால் சில ஞாயிறுகளில் நானும் ஒரு நாயும். நாய் இடையில் போய்விடும்.

அந்தப் பனிக்காலத்தில் அணி எடுத்த முடிவுகளில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. இடதுகையால் பந்தெறியும் எங்கள் ஆள் பேர்கன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். அமெரிக்காவில் ஓர் ஆட்டக்காரன் அணி மாறினால் அவன் பெயர் போட்ட சட்டையை எரிக்கிறார்கள் என்று இன்டர்நெட்டில் வாசித்திருக்கிறேன். நாங்கள் கேக் வெட்டி அனுப்பினோம். கேக் வெட்டியது பிழை. கொஞ்சமாவது கோபப்பட்டிருந்தால்தான் அவரை மதித்தோம் என்று அர்த்தம். அவர் இடத்துக்குப் பிடித்த மாணவர் வேகமாக எறிவார். பந்து எங்கே போகும் என்பது அவருக்கே புதினம். பந்தைத் தவறவிடாமல் பிடிக்கிற ஆளை, மட்டை பிடிப்பவருக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தூரத்து மூலைக்கு அனுப்பினார்கள். வாசல் பூட்டைக் கழற்றி யன்னலில் மாட்டுகிற வேலை.

இவையெல்லாம் பொறுக்கலாம். ஜனவரியில் வந்த பட்டியலில் ‘மூன்றாம் பேஸ்’ என்பதற்கு நேரே இந்த முறையும் என் மனுசனின் பெயர் இருந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மைதானத்தின் நாலு மூலையும் நாலு பேஸ், அடித்தவர் அவற்றைத் தொட்டுத் தொட்டு ஓடி முடிக்கவேண்டும். மூன்றாம் பேஸில் நிற்பவர் உருண்டு வரும் பந்தைப் பொறுக்கி, மைதானத்தின் குறுக்கே முதலாம் பேஸுக்கு எறியவேண்டும். அடித்தவர் ஓடி வருமுன் பந்து அங்கே போய்ச் சேரவேண்டும். தோள் வேண்டும் அதற்கு. இவருடைய தோள் பகலெல்லாம் களஞ்சியத்தில் பொதி தூக்கித் தேய்ந்துபோன தோள். போன ஆவணியிலிருந்து இவர் எறிந்த பந்து பாதி வழியில் குத்தி, தவழ்ந்து, களைத்துப் போய்த்தான் முதலாம் பேஸைச் சேர்ந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அணியின் ஆட்டப் புத்தகத்தை எழுதுவது நான். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சாய்சதுரங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரும் என்ன செய்தார் என்று பென்சிலால் குறிக்கவேண்டும். பென்சிலுக்குத் தாலி தெரியாது.

நாங்கள் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையில்தான். சரளை மைதானத்தில் ஒருவர் தடியோடு நிற்கிறார், ஒருவர் பந்து எறிகிறார், அடித்துவிட்டு ஓடுகிறார். “எல்லே,” என்றேன் நான். திருகோணமலையில் பள்ளிக்கூட அணிக்கு எல்லே அடித்தவள் நான். மூங்கில் தடி, ரப்பர் பந்து, உள்ளங்கையில் ஏறுகிற அந்த அதிர்வு. இவரும் அங்கே எல்லே விளையாடியவர்தான். வேலியைத் தாண்டிப் போனார். அடுத்த ஞாயிறே ஆடவும் விட்டார்கள்.

அன்றைக்கு இவர் செய்தது, எல்லே விளையாடி வளர்ந்த எவரும் செய்யக்கூடியது. எல்லேயில் ஓடுகிறவரின் உடம்பில் பந்தை எறிந்து பட்டால் அவர் ஆட்டமிழந்தார். இவர் பந்தைப் பொறுக்கினார், குறி பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த ஆறடி நோர்வேக்காரரின் முதுகில் போட்டார். எல்லே பந்து ரப்பர். இது கல்லு மாதிரி. நோர்வேக்காரர் அப்படியே குந்திவிட்டார். இவரோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அவுட் என்று எல்லோருக்கும் அறிவித்தபடி நின்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல கதை. ஆனால் அதற்குப் பிறகு இவர் ஆறு கோடை விளையாடினார். கழகத்தில் சொல்லப்படுவது அந்தக் கதை மட்டும்தான்.

கழகத்தின் தலைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நல்ல மனுஷி, அதுதான் சிக்கலே. ஜனவரியில் உள்ளரங்கப் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் கூடினபோது அவரிடம் போய், நோர்வே மொழியில் நேராகவே கேட்டேன். “இவர் எறிகிற பந்து முதலாம் பேஸுக்குப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும். ஏன் அங்கே நிறுத்துகிறீர்கள்?”

அவர் என் தோளில் கையை வைத்தார். “அவர் அங்கே நிற்பது எங்களுக்கு முக்கியம். அவர்தானே எங்கள் முகம்.”

சுவரைக் காட்டினார். அடுத்த வருடத்துக்கு ஜிம்மில் கூடுதல் நேரம் கேட்டு மாநகரசபைக்குப் போகவிருக்கும் விண்ணப்பம் அங்கே ஒட்டியிருந்தது. முன்பக்கத்தில் என் மனுசன். மூன்றாம் பேஸில் கையுறையோடு பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். கீழே பெரிய எழுத்தில், எங்களிடம் எல்லோருக்கும் இடம் உண்டு.

விண்ணப்பத்துக்குக் கீழே கிடந்த வாங்கிலே, சுவரோடு சாய்ந்து, பிலிப்பைன்ஸ் நேர்ஸ் பந்தைக் கையுறைக்குள் தட்டித் தட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மூன்றாம் பேஸிலிருந்து எறிந்தால் முதலாம் பேஸில் நிற்பவர் கையை உதறுவார். இன்னொரு கோடைக்கும் அவளை ஆடவிடாமல் வாங்கில் வைக்கப்போகிறார்கள், இந்தப் படத்துக்காக.

புதன்கிழமை குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது இவரிடம் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ. உங்களை மூண்டாம் பேஸில விட்டது பிழை.”

“ஆர் சொன்னது?”

“நான்.”

தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். “நீர் எந்தப் பக்கம்?”

“புத்தகத்தின்ர பக்கம்.”

“அவையே ஒண்டும் சொல்லேல்ல. உமக்கென்ன?”

“அவை சொல்லமாட்டினம். படத்தில நீங்கள் வடிவா நிக்கிறியள். பந்து போகுதோ இல்லையோ, அவைக்கு அது போதும். எனக்குப் போதாது.”

இவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் உப்பு, சாவி, சரி என்கிற மாதிரி ஒற்றைச் சொற்கள்தான். வெள்ளிக்கிழமை, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பியோர்ண்டாலிலிருந்து இவருடைய தங்கச்சி போன் எடுத்தாள்.

“மச்சாள், வெள்ளைக்காரனே அண்ணாவை வைச்சிருக்கிறான். நீங்கள் ஏன் கலைக்கிறியள்?”

“கலைக்கேல்ல மச்சாள். அடிக்க விடச் சொல்லுறன். பந்து பொறுக்கிறதை விட்டிட்டு, அடிக்க மட்டும் ஒராளைப் போடலாம். உங்கட அண்ணாவுக்குக் கை போயிட்டுது, கண் போகேல்ல.”

“எண்டாலும் மனுசன்ர மரியாதை ஒண்டிருக்கு.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

“ஊர் முழுக்க மனிசிமார் புருசனுக்காகச் சண்டை பிடிக்குதுகள். நீங்கள் மட்டும் எதிர்க்கட்சி.” கோபமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

ஓம், எதிர்க்கட்சிதான். இரக்கப்பட்டுத் தருகிற இடத்தை இந்த நாட்டில் நான் நிறைய வாங்கியிருக்கிறேன். வேலையிடத்தில் என் கறியை வாயில் வைக்காமலே நன்றாயிருக்கிறது என்பார்கள். மொழி வகுப்பில் நான் பிழையாகச் சொன்னதற்கும் கை தட்டினார்கள். கை தட்டுகிறவர் என்னைத் திருத்தப்போவதில்லை என்பது எனக்கு எத்தனையோ பனிக்குப் பிறகுதான் விளங்கியது. பேஸ்போலை நான் பிடித்துக்கொண்டதே அதனால்தான். அங்கே பந்து போனால் போனது, போகாவிட்டால் போகவில்லை. ஒரு சரளை மைதானத்தில் கிடைத்த அந்த நேர்மையைப் படம் பிடித்துச் சுவரில் ஒட்டவா நான் புத்தகம் எழுதினேன்?

கழகத்தின் வருடாந்தக் கூட்டம் ஞாயிறு மத்தியானம், அதே பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் நடந்தது. வாஃபல், பழுப்புச் சீஸ், கோப்பிக் குடுவை. கதிரைகளெல்லாம் பிள்ளைகளுடைய கதிரைகள். எல்லோருடைய முழங்காலும் நாடிக்குக் கிட்ட. கரும்பலகையில் அடுத்த பருவத்தின் பெயர்ப்பட்டியல். இவர் முன்வரிசையில் இருந்தார். நான் புத்தகத்தோடு பின்னால்.

தலைவி விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினார். காட்டியபடியே அந்தக் கதையைத் தொடங்கினார். குறி பார்த்தது, முதுகு, இரண்டு கையையும் தூக்கியது. எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரிக்கும்போது இடது கை வலத் தோளைத் தடவியதை நான் பார்த்தேன்.

எழுந்தேன். என் நோர்வே மொழி கோபத்தில் நேராக நிற்கும்.

“அது முதல் நாள்,” என்றேன். “மிச்ச ஆறு கோடையும் இதில் இருக்கிறது. யாருக்காவது கேட்க விருப்பமா?”

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசித்தேன். மழைக்குள் நடந்த ஆட்டத்தில் பந்தை பேர்ச் மரங்களுக்குள் அடித்து இரண்டு பேரை ஓடி முடிக்கவைத்தது. காய்ச்சலோடு வந்து கடைசிப் பந்தில் அடித்தது. பிறகு, குரலை மாற்றாமல், ஆவணியையும் வாசித்தேன். எறிந்தது, போகவில்லை. எறிந்தது, போகவில்லை. எறிந்தது, போகவில்லை. இவருடைய பிடரி அசையவில்லை.

“எறிய முடியாதவரை எறிகிற இடத்தில் நிறுத்துகிறீர்கள். எறியத் தெரிந்தவளை வாங்கில் வைத்திருக்கிறீர்கள். இவரை அடிக்க விடுங்கள், நாலாவது ஆளாக. அதுவும் முடியாது என்றால் அணியை விட்டு எடுங்கள். ஆனால் படத்துக்காக வைத்திருக்க வேண்டாம்.”

தலைவியின் முகம் சிவந்து போனது. “நாங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை,” என்றார். உண்மைதான். நினைத்துச் செய்திருந்தால் சண்டை பிடிப்பது சுகமாக இருந்திருக்கும். பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், அவருடைய பார்வை மெல்ல நேர்ஸின் பக்கம் திரும்பியது.

“என்னைப் பார்க்காதீர்கள்,” என்றாள் அவள். “நான் மூன்றாம் பேஸுக்குத்தான் வந்தேன். விண்ணப்பத்துக்கு வரவில்லை.”

அப்போதுதான் இவர் எழுந்தார். அந்தச் சின்னக் கதிரையிலிருந்து எழுவதற்கு நேரம் எடுத்தது. கரும்பலகைக்குப் போய், மூன்றாம் பேஸுக்கு நேரே இருந்த தன் பெயரைக் கையாலேயே அழித்தார். தலைவியின் பக்கம் திரும்பி, “ஆவணியிலேயே எனக்குத் தெரியும்,” என்றார். “நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இவ ஒராள்தான் சொன்னா.” கடைசி வசனம் தமிழில் வந்தது. அதை ஒருவரும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தலைவி சோக்கட்டியை எடுத்து அழித்த இடத்தில் நேர்ஸின் பெயரை எழுதினார். இவரை அடிக்கிற வரிசையில் போட்டார். விண்ணப்பத்தின் முன்பக்கத்தை மாற்றுவதாகவும் சொன்னார். ஜிம் சுவரில் இருந்ததை நானே போய்க் கழற்றி மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கழற்றியிருப்பேன்.

சுரங்க ரயிலில் திரும்பும்போது இவர் எனக்கு எதிரே இருந்தார். இரண்டு ஸ்டேஷன் போகும்வரை யன்னல். மூன்றாவதில் வாய் திறந்தார்.

“ஏன் நாலாவது எண்டு சொன்னனீர்?”

“வேற எங்க போடுறது?”

“மூண்டாவதாப் போட்டிருக்கலாம். மூண்டு பேர் அவுட்டானாத்தானே சுற்று முடியும். மூண்டாவது எண்டா முதல் சுற்றிலயே கட்டாயம் அடிக்க வரும். நாலாவது எண்டா சிலநேரம் பாத்துக்கொண்டு இருக்கவேணும்.”

“பாத்துக்கொண்டு இருங்கோ. முன்னால மூண்டு பேர் பேஸில நிண்டாத்தான் உங்கட அடிக்குப் பெறுமதி. அவை மூண்டு பேரும் ஓடி முடிக்கவேணும்.”

“முன்னால வாறவன் எல்லாரும் அவுட்டாகினால்?”

“அது அவையின்ர பிழை. உங்கட அவசரத்துக்கு டீம் போடேலாது.”

“உமக்கு ஆட்டம் விளங்கேல்ல.”

“புத்தகம் என்னட்ட இருக்கு.”

பாறையைக் குடைந்து கட்டிய ரொம்சோஸ் ஸ்டேஷனில் இறங்கினோம். மேலே போகும் வழியெல்லாம் இவர் மூன்றாவதுக்கு வாதாடிக்கொண்டே வந்தார். கையை வீசி வீசி, தோள் நோவதையும் மறந்து. நான்கு நாளாக வராத பேச்செல்லாம் அந்தப் பாறைக்குள் எதிரொலித்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கும் மே மாதம் எவ்வளவோ தூரத்தில் இருந்தது.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாலாவதுதான்.