சென்னை விமானமும் மூன்று அரைமணி ஜெபமும்

ஏழு மாதக் கர்ப்பிணியான ஜெபிஷாவை விமானத்தில் வரச் சொன்னது அவள் அம்மா ரேச்சல்தான். "ராத்திரி முழுக்க ரயில்ல குலுங்கிக்கிட்டு வரணுமா? சென்னைல ஏறினா ஒண்ணரை மணி நேரத்துல தூத்துக்குடி வாகைகுளத்துல இறங்கிரலாம்" என்று மருமகனிடம் அடித்துப் பேசினாள். டாக்டரும் சரி என்றார். டிக்கெட் போட்ட அன்றே ரேச்சலுக்குத் தூக்கம் போயிற்று. ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பக்கத்து நாசரேத் ஊரில் பிறந்தவளுக்குத் தெரிந்த வழி சங்கிலி ஜெபம். ஒருவர் முடிக்கையில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இடையில் அறுந்துவிடக் கூடாது. ஒண்ணரை மணி நேரத்தை மூன்றாகப் பிரித்தாள். முதல் அரைமணி அவள், முத்தையாபுரத்து வீட்டில் முழங்காலில். அடுத்தது ஊரிலிருக்கும் தங்கை கிருபை. கடைசிக்கு ஆள் கிடைக்காமல் பக்கத்து வீட்டு செல்வலட்சுமியைக் கேட்டாள்.

"நான் எங்க முத்தாரம்மன்ட்டதான் சொல்லுவேன். பரவாயில்லையாக்கா?"

"யார்ட்டயாவது சொல்லு. நடுவுல எந்திரிச்சுப் போயிராத."

தன் பங்கை முடித்துவிட்டு, கணவர் ஜேசுபாதத்தோடு காரில் விமான நிலையம் வந்து சேர்ந்தபோது மழை கொட்டியது. நேரம் முடிந்தது. விமானம் இறங்கவில்லை. ஜேசுபாதத்தின் கைப்பேசியில் குட்டி விமானப் படம் ஒன்று கடலுக்கு மேல் வட்டம் போட்டது.

"மழை விடட்டும்னு சுத்துதாம்" என்றார்.

ரேச்சல் கணக்குப் போட்டாள். இப்போது யார் ஜெபத்தில் இருக்கிறார்கள்? செல்வலட்சுமியை அழைத்தாள்.

"முடிச்சிட்டேன்க்கா. இப்பதான் அடுப்படிக்கு வந்தேன்."

"ஏளா, அது இன்னும் மேலதான் நிக்குது!"

கிருபையை அழைத்தாள். "அக்கா, கையெல்லாம் மீன் செதிலு."

"கழுவிட்டு முட்டி போடு!"

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஜேசுபாதம் சிரிக்கப் பார்த்தார். "ஆண்டவருக்கே பீரியட் பிரிச்சுக் கொடுத்த ஆளு நீதான்." ஆனால் கைப்பேசித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படம் வடக்கே திரும்பிற்று. கொஞ்ச தூரம் போய், காணாமல் போயிற்று. அவர் திரையை மெல்ல மறைத்துக்கொண்டார். ரேச்சல் பார்த்துவிட்டாள். பக்கத்தில் யாரோ ஒருவர் பூக்கொத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரால் எப்படிக் குடிக்க முடிகிறது?

வெகுநேரம் கழித்து ரேச்சலின் கைப்பேசி அடித்தது.

"அம்மா, மதுரைல இறக்கிட்டாங்க."

"புள்ள?"

"கிடந்து மிதிக்குது. டாக்ஸி பிடிச்சு வந்துருதேன்."

"வேண்டாம். அங்கனயே இரு. நாங்க வாறோம்."

ஜேசுபாதம் தலையைச் சொறிந்தார். "இந்த மழைல நாம போயி, அதே ரோட்டுலதான அவளைக் கூட்டிட்டு வரணும்? என்ன வித்தியாசம்?"

ரேச்சல் அதற்குள் நனைந்துகொண்டே கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"வரும்போது பக்கத்துல நான் இருப்பேன்லா. வண்டிய எடுங்க."