மூளைக்குப் போகும் கேட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் பெண் பிறந்தபோது, விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். வாசிக்கிற பழக்கம் உண்டு. அது வியாதி இல்லை என்று இன்றுவரை வீட்டில் யாரையும் நம்பவைக்க முடியவில்லை.

மூளை சர்க்கரையில்தான் ஓடுகிறது என்று நூலகத்தில் ஏதோ பத்திரிகையில் படித்தேன். அன்றே ஜங்ஷன் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு டப்பா குளுக்கோஸ் வாங்கிவிட்டேன். பெண்ணுக்கு மூன்றாவது மாதம். எங்கள் வம்சத்தில் கணக்கில் தேறியவர் எவரும் கிடையாது. அந்த வழக்கத்தை இவளோடு நிறுத்திவிடுவது என்று தீர்மானம்.

"தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு அவ வாயில வுடமாட்டேன்" என்றாள் மனைவி. "புக்குதான சொல்லுச்சி? புக்குக்கே ஊத்துங்க."

சண்டை முற்றியிருந்த நேரத்தில், டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த அவள் தம்பி லீவுக்கு வந்து இறங்கினான். விஞ்ஞானம் என் பக்கம்தான் பேசும் என்ற நம்பிக்கையில் பரோட்டா வாங்கிக் கொடுத்து வழக்கைச் சொன்னேன். பரோட்டாவை முடித்துவிட்டுத்தான் கட்சி மாறினான்.

"மாமா, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு சுவரு இருக்குது. ஒவ்வொரு சரக்குக்கும் அதுல ஒரு கேட்டு. நம்மள மாதிரி வளந்த ஆளுங்களுக்கு சக்கர கேட்டுதான் பெருசு. பால் குடிக்கிற வயசுல அது இன்னும் முழுசா அகலமாவல. பால்ல இருக்கிற கொழுப்ப ஈரல் வேற எரிபொருளா மாத்தி அனுப்புது. இப்ப அதுக்குத்தான் கேட்டு அகலம். எரியறதுக்கு மட்டுமில்ல, மூளையக் கட்டறதுக்கும் அது ஒதவுது. எலிக்குட்டியில பாத்திருக்காங்க. மனுசக் கொழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும்ங்கறாங்க."

"அப்ப சக்கரயே வாணாமா?"

"வேணும். அதான் பாலுலயே இருக்குதே! பால் மறந்தப்புறம் அந்தக் கொழுப்பு எரிபொருள் கேட்டு குறுகிடும், சக்கர கேட்டு பெருசாயிடும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் கம்பெனியைக் கட்டிக்கொண்டிருந்தபோது செங்கல் லாரிக்குத்தான் கேட்டில் ராஜ மரியாதை. சூளை எரியத் தொடங்கியதும் வாட்ச்மேனின் சலாம் எண்ணெய் டேங்கர் பக்கம் திரும்பிவிட்டது. உற்சாகத்தில் இதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்படின்னா கம்பெனியே இன்னும் கட்டி முடியல" என்றாள் மனைவி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே. "அதுக்குள்ள டேங்கர ஓட்டியாந்து ஆரன் அடிக்கிறீங்க."

தம்பிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

"எப்பத்தான் குடுக்கறது?" என்றேன் பரிதாபமாக.

"அவளே வாயத் தொறந்து கேக்கட்டும், குடுக்கலாம்" என்றாள் மனைவி.

தீர்ப்புக்குக் கட்டுப்பட்டேன். டப்பாவை அந்த லீவிலேயே நானும் மைத்துனனும் கரைத்துக் குடித்துத் தீர்த்தோம். பெண், பேச்சு வந்ததும் வாயைத் திறந்து கேட்கத்தான் செய்தாள். காராபூந்தி.