அத்தை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விகள்

“அத்தை இன்று பேசவில்லை. பட்டுப்புடவை போயிற்று.” 1995 டைரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

அதைத் தேடி எடுக்கவைத்தது, பெருங்குடி அலுவலகத்தில் நேற்று நடந்த பயிற்சி வகுப்பு. நிபுணர்கள் வேலையைத் தொடங்கும் முன் தங்களையே வாய்விட்டுக் கேள்வி கேட்டுக்கொள்வார்களாம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு எரிந்தது.

மேற்கு மாம்பலம் வீட்டின் பின்னறையில், மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் மணக்க, அப்பாவின் தங்கை ரவிக்கை தைப்பாள். கத்தரியை எடுத்ததும் துணியைப் பார்த்துக் கேட்பாள்: “முந்தானை எந்தப் பக்கம்? ரவிக்கைத் துணி எந்தக் கோடி? தப்பா வெட்டினா ஒட்டுமா?” பதிலையும் அவளே சொல்லிவிட்டுத்தான் வெட்டுவாள். ஒருமுறையும் பிசகியதில்லை.

“தனியா பேசுற பொண்ணை எவன் கட்டுவான்?” என்பார் அப்பா. நானும் அவளைப்போலப் பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பேன்.

அந்த ஞாயிறு அவளைப் பெண்பார்க்க வரவிருந்தார்கள். தெருவில் ஒரு வீட்டுக்கு மறுநாள் ரவிக்கை தைத்துக் கொடுக்கவேண்டிய கல்யாணப் புடவையோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது,” என்றார் அப்பா.

தலையாட்டிவிட்டு வெட்டினாள். வெட்டுப்பட்டது முந்தானை.

வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள், பதில் வரவில்லை. அதன்பின் தெருவில் யாரும் அவளிடம் துணி கொடுக்கவில்லை. கவனமில்லாதவள் என்று ஊரெல்லாம் சொன்னவர் அப்பாவேதான்.

“நான் எப்போடா அப்படிச் சொன்னேன்?” என்று இன்று என்னைக் கேட்கிறார். என் காதால் கேட்டேன். டைரியில் அந்த வரி இல்லை. அத்தையிடம் கேட்கலாம் என்றால், அவள் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. ஆகவே இது இன்னும் சரிபார்க்கப்படாத செய்தி.