கறுப்பிக்கு வைத்த பொட்டு

"டிக்."

குசினிச் சுவரில் ஓர் ஒட்டுப்பொட்டு. அதற்கு நேரே இரண்டு கையையும் நீட்டியபடி யோகா அன்ரி நிற்கிறார். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. கையில் இருப்பது வெறுந்துப்பாக்கி. குண்டுகள் அடுத்த அறையில் தனிப் பூட்டுக்குள் கிடக்கின்றன. துப்பாக்கியின் மூக்கு நுனியில் ஒரு பத்துச் சதக் காசு படுத்திருக்கிறது. விசையை அழுத்தினாலும் அது விழக்கூடாது. விழவில்லை.

"பாத்தீங்களே, அசைஞ்சதோ?"

கேள்வி கணவர் மகேந்திரராஜாவுக்கு. அவர் முன்னறைக் கதிரையில் இருந்தபடி, தலையைக் கூடத் திருப்பாமல், "ஓம், ஓம், அசையேல்லை" என்கிறார். பார்த்தவர் மாதிரித்தான் சொல்கிறார். முப்பது வருடக் குடித்தனம் கற்றுக்கொடுத்த சாமர்த்தியம்.

அன்ரிக்கு ஐம்பத்துமூன்று வயது. டண்டினொங்குக்கும் ஸ்பிரிங்வேலுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறார். கடைசி ஓட்டம் முடிந்ததும் பஸ்ஸின் பின் இருக்கை வரை நடந்து, யாராவது தூங்கிப்போய்க் கிடக்கிறார்களா என்று குனிந்து பார்க்காமல் இறங்கமாட்டார். துப்பாக்கியிடமும் இதே குணம். திறந்து பார்ப்பார், விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், பிறகு சந்தேகமே இல்லாத விஷயத்தை இன்னொரு தரம் பார்ப்பார். "வெறுமை எண்டு கண் சொன்னால் மட்டும் காணாது, விரலும் சொல்ல வேணும்" என்பது அவருடைய சட்டம்.

துப்பாக்கியின் பெயர் கறுப்பி. பெயர் வைத்ததும் அன்ரிதான். வெளியே தெரிகிற சுத்தியல் கிடையாது. உள்ளே ஓர் ஊசி பின்னுக்கு இழுபட்டுக் காத்திருக்கும், விசையை அழுத்தினால் பாய்ந்து குண்டின் அடியில் குத்தும். பஸ்காரிக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. "கியர் இல்லாத வண்டி மாதிரி. முதல் அழுத்தமும் கடைசி அழுத்தமும் ஒரே கனம். விசை கொஞ்சத் தூரம் சும்மா வரும், பிறகு ஒரு சுவர் தட்டுப்படும். சுவரில முட்டி நிண்டு, மெதுவாத் தள்ள வேணும், அவ்வளவுதான்." பிடி முதலில் கைக்கு அடங்கவில்லை. அதன் முதுகுத் துண்டைக் கழற்றி, இருப்பதிலேயே சின்னதைப் போட்டபிறகு ஒட்டிக்கொண்டாள் கறுப்பி. துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்து, வகுப்புக்குப் போய், அனுமதிக்குக் காத்திருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவர முன்னர், பிள்ளைத்தாச்சி மாதிரிப் பொறுமையாக இருந்தாராம்.

ஊரில் ஷெல்லுக்கும் வெடிக்கும் பயந்து ஓடிவந்த பெண், இங்கே வந்து துவக்கைத் தூக்குகிறாளே என்று கோயிலில் வாய் பிளப்பவர்கள் உண்டு. சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கும் தங்கை நிரூபா தொலைபேசியிலேயே தலையில் அடித்துக்கொள்வாள். "அக்கா, உனக்கென்ன விசரோ? அந்தச் சத்தத்தை இனிக் கேக்கவே கூடாது எண்டுதானே வந்தனாங்கள்?"

அன்ரியிடம் பதில் தயாராக இருக்கிறது. "அங்க சத்தம் கேட்டா ஆர் சுட்டது, எங்க விழப்போகுது எண்டு ஒண்டும் தெரியாது. இஞ்ச நான் சொன்னால்தான் சத்தம். நான் சொல்லாட்டி இல்லை."

சொல்வதென்னவோ நன்றாகத்தான் இருந்தது. உடம்பு அதை நம்பவில்லை என்பதுதான் கரைச்சல்.

குசினியில் காசு விழாத கை, கழகத்தின் சுடுதிடலில் உண்மைக் குண்டு போட்டதும் வேறு கையாகிவிடும். வெடிக்கப் போகிறது என்று தெரிந்த அந்தக் கண நேரத்தில் மணிக்கட்டு சுருங்கும், துப்பாக்கியின் மூக்கு குனியும், குண்டு இலக்கின் காலடியில் போய் விழும். பயிற்றுநர் கெவின், வாரநாட்களில் தண்ணீர்க்குழாய் பொருத்துபவர், அன்ரிக்குத் தெரியாமல் போலிக் குண்டொன்றைக் கலந்து கொடுத்துச் சோதிப்பார். வெடி வராது, "டிக்" என்று மட்டும் கேட்கும்; மூக்கு மட்டும் பணிவாகக் கும்பிடு போடும். அன்ரிக்கு வெட்கத்தில் காது சூடாகும். பதினாறு வயதில் பதுங்குகுழிக்குள் தலையைத் தாழ்த்திக் குனிந்த அதே குனிவு என்று அவருக்குத் தெரியும். அது தன் உடம்பைவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பதக்கம், கோப்பை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிட்னிப் போட்டிக்குக் கழகத்திலிருந்து நான்கு பெண்கள் போக வேண்டும். மூவர் முடிவாகிவிட்டனர். நாலாவது இடத்துக்கு அன்ரியும், பல் வைத்தியர் லைலாவும். விஜயதசமிக்குப் பின்வந்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. "இடம் புள்ளிக்குத்தான்; அந்தக் குனிவு போனால்தான் உனக்குப் புள்ளி வரும்" என்று கெவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால் ஆயுத பூசை வந்தது. அங்கேதான் அன்ரி வேலை காட்டினார்.

போன வருடம் கறுப்பியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியின் கதவுக்குத்தான் சந்தனம் வைத்தார். பாதுகாப்புப் பார்க்க வந்த பொலிஸ்காரர் அதைக் கண்டு, ஏதும் கசிகிறதா என்று கேட்டாராம். இந்த வருடம் அன்ரியின் மனம் கேட்கவில்லை. "பஸ் ஹோர்னுக்கு வைச்சனான், தையல் மெசினுக்கு வைச்சனான். இவளைப் பெட்டிக்குள்ள விட்டுட்டுக் கதவுக்குப் பொட்டு வைச்சா, கோவிக்க மாட்டாளே?"

"நீர் அவளுக்கு வாயில சோறும் தீத்தும்" என்றார் மகேந்திரராஜா.

அன்ரி கறுப்பியைச் சாமித்தட்டுக்கு முன்னால் பட்டுத்துணியில் வைத்து, அவள் பக்கத்தை விட்டு நகராமல் நின்றார். நெற்றி எது என்று தேடினார். குறிபார்க்கும்போது தன் முகத்துக்கு நேரே தெரிகிற, மேல்பாகத்தின் பின்பக்கத் தகடுதானே நெற்றி! பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமத்தை அள்ளி வைத்தார். தீபம் காட்டினார். பிறகு மேலாகத் துடைத்துப் பெட்டிக்குள் பூட்டினார். தகட்டின் இடுக்கு வழியே சந்தனமும் குங்குமமும் உள்ளே இறங்கி, எண்ணெயோடு கூடிக் குலாவி, ஊசி ஓடும் பாதையில் சுவர் பூசிய மாதிரிக் காய்ந்ததை யார் கண்டார்?

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மகேந்திரராஜாதான் காரோட்டி வந்தார். மனைவியைத் தனியே அனுப்பவும் மாட்டார், திடலுக்குள் கால் வைக்கவும் மாட்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வானொலியைக் கூட்டி வைத்துவிட்டு, "நீர் போட்டு வாரும், நான் இதுக்க இருக்கிறன்" என்பார். புதுவருட வாணவேடிக்கைக்கே கட்டிலறைக் கதவைச் சாத்துகிற மனிதர் அவர். அன்ரி அவரைக் கேலி செய்யாத ஒரே விஷயம் இதுதான்.

லைலா சுட்டு முடித்தாள். நல்ல புள்ளி. அன்ரி கோட்டில் நின்றார். மணி ஒலித்தது. முதல் இரண்டு குண்டும் நடுவில். மூன்றாவதுக்கு விசையை அழுத்தினார்.

"டிக்."

அன்ரி ஒரு நொடி விழித்தார். பயிற்சி கைகொடுத்தது, அடியைத் தட்டி, மேல்பாகத்தை இழுத்து, அந்தக் குண்டை வெளியே தள்ளிவிட்டுத் தொடர்ந்தார். ஒன்று வெடித்தது. அடுத்தது "டிக்". பிறகும் ஒரு "டிக்". நேரம் ஓடியே போய்விட்டது. துப்பாக்கி கெட்டால் மறுவாய்ப்புக் கிடையாது என்பது விதி. சிட்னி கைநழுவிவிட்டது என்று அன்ரிக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

பின்மேசையில் கெவின் கறுப்பியைப் பிரித்தார். ஊசியை உருவினார். செங்கல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. துருவா என்று கேட்டார்.

"ஐயோ, என்ர பொட்டு!"

ஆயுத பூசையை ஆங்கிலத்தில் விளக்குவது லேசான காரியமா? ஆயுதத்துக்கு நன்றி சொல்லும் நாள் என்றார் அன்ரி. அதற்குக் கைமேல் பலன் கிடைத்துவிட்டதே என்று கெவின் விழுந்து விழுந்து சிரித்தார். அன்ரிக்கும் கண்ணீரோடு சிரிப்பு வந்தது. விரலால் அந்தச் சேற்றைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்.

சிரித்து முடித்துவிட்டுக் கெவின் சொன்னார்: "இடம் லைலாவுக்குத்தான், யோகா. புள்ளியை என்னால் மாற்ற முடியாது. ஆனால் நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தரம் வெடிக்கவில்லை. மூன்று தரமும் மூக்கு குனியவில்லை."

அன்ரி அவரை நிமிர்ந்து பார்த்தார். போலிக் குண்டு கலந்திருக்கிறது என்ற சந்தேகம்கூட இல்லாமல், வெடிக்கும் என்று முழுதாக நம்பி அழுத்திய மூன்று தரம். கறுப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கார்த்தரிப்பிடத்துக்கு நடந்தார்.

தூரத்தில் வரும்போதே மகேந்திரராஜா கண்டுவிட்டார்: மனைவியின் கையெல்லாம் சிவப்பு. கார்க்கதவு படாரென்று திறந்தது. செருப்பு ஒன்று உள்ளேயே கிடக்க, மனிதர் ஓடி வந்தார். "என்னப்பா! என்ன நடந்தது! எங்க பட்டது?"

"ஒண்டும் இல்லையப்பா. குங்குமம். குங்குமம்!"

அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகுதான் தான் வெளியே நிற்பதை உணர்ந்தார். அன்ரி கறுப்பியைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார். பின்னிருக்கையிலிருந்து தேத்தண்ணிப் போத்தலை எடுத்து, அவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தார்.

"சிட்னி இல்லையப்பா" என்றார், ஊற்றத் தொடங்கியபடி.

அந்த நேரம் பார்த்துத் திடலில் அடுத்த வரிசை சுடத் தொடங்கியது. மகேந்திரராஜாவின் கோப்பை துள்ளியது. அன்ரி ஊற்றுவதை நிறுத்தவில்லை. மற்றக் கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கோப்பை நிறையும்வரை, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் ஊற்றினார்.