காயட்டும், சொல்றேன்

பெயிண்ட் டின்னின் மூடியில் சுண்டுவிரலால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, ஹேர் டிரையரை எடுத்து அதன்மேல் பிடிக்கிறார். கவுண்டருக்கு எதிரே நிற்கும் அம்மாள் பதறுகிறார். "அய்யய்யோ, இவ்வளவு வெளுப்பாவா கேட்டேன்?" மாதிரிக்காக வீட்டிலிருந்து தலையணை உறையைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார் பாவம். "காயட்டும்மா, சொல்றேன்." ஒரு நிமிடம் போகிறது. ஈரம் வற்றிய பொட்டின் பக்கத்தில் உறையை வைத்துப் பார்த்தால் எது துணி, எது பெயிண்ட் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வரும். யாருடைய டின், எந்த அறைக்கு என்று மூடியில் எழுதி அந்தப் பக்கம் தள்ளுவார்.

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை, பதினெட்டு வருடமாக. எந்த நிறத்துக்கு எவ்வளவு சாயம் என்பதை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே அளந்து ஊற்றிவிடுகிறது. இருந்தாலும் இவருக்கு மனசு ஆறாது. "இன்னும் ஒரு சொட்டு" என்று தன் கையால் விட்டால்தான் திருப்தி. அதனால் கடையில் அவருக்குப் பெயர் சொட்டு. முதலாளி முதல் சுமை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் சொட்டுதான். வீட்டிலும் அதே கதை. மனைவி கடைக்குப் போன் செய்தால், "சொட்டு கிளம்பிட்டாரா?" என்றுதான் கேட்கிறார்.

ஈரத்தில் தெரிவது உண்மையான நிறம் இல்லை என்பது அவருடைய தொழில் பாடம். அதை உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பூசிவிடுவார். சினிமா எப்படி என்றாலும், குழம்பில் உப்பு சரியா என்றாலும், ஒரே பதில்தான்: காயட்டும், சொல்றேன். "கல்யாணமாகி பதினஞ்சு வருஷம் ஆச்சு. நான் நல்லவளா கெட்டவளான்னு இன்னும் வாயைத் திறக்கல. நான் இன்னும் காயலையாம்" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு தங்கை கருவுற்றிருந்தபோது, ஐந்தாம் மாதமே போய்க் குழந்தைக்கான அறைக்கு இளம்பச்சை அடித்துக் கொடுத்தார். பேபி ஷவர் விருந்தும் அமர்க்களமாக நடந்தது. விருந்து என்றால் விசிலோடு வந்து எல்லோரையும் ஆட்டிவைக்கும் அத்தைதான் அன்றைக்கும் தலைமை. கம்பளி நூலை ஆளுக்கொரு துண்டாக வெட்டி வயிற்றின் சுற்றளவைக் கணிக்கச் சொன்னார். குழந்தை பிறக்கும் தேதியை ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கண்ணாடி ஜாடியில் போடச் சொன்னார். இரண்டு வாரத்தில் எல்லாம் கலைந்து போயிற்று. ஜாடியில் இருந்த தேதிகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து போயின. தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அந்த அறைக்கு இவரே வெள்ளை அடித்தார். பச்சை மறைய மூன்று கோட் தேவைப்பட்டது.

இப்போது தங்கைக்கு மறுபடியும் எட்டாம் மாதம். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் அந்த அறை வெள்ளையாகவே கிடக்கிறது, உள்ளே இஸ்திரி மேஜையும் இரண்டு பழைய பெட்டிகளும். ஒரு குட்டிச் சட்டைகூட வாங்கவில்லை. குழந்தை வரப்போகிறது என்பதையே அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. விருந்து வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள், கடைசியில் அண்ணன் முகத்துக்காக இறங்கி வந்தாள். "வர்றவங்க வரட்டும்ணா. ஆனா யாரும் எதையும் கணிக்கக் கூடாது, அளக்கக் கூடாது. நான் ஓரமா உக்காந்திருப்பேன். என்னை எதுவும் செய்யச் சொல்லாதீங்க."

"விளையாட்டே கிடையாதும்மா. வர்றவங்க கையால ஏதாவது செஞ்சு வெச்சுட்டுப் போகட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த நாளிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிறங்கள் அச்சடித்த பழைய ஷேட் கார்டின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மரத்துண்டுகளை அறுத்து முப்பது சதுரக் கட்டைகள் செய்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிராய் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் உரசிப் பார்த்தார். ஆளுக்கொரு கட்டைக்கு வண்ணம் தீட்ட வேண்டும். இன்னொரு மூலையில் ஆளுக்கொரு குட்டி டின்; தாங்களே ஒரு நிறம் கலக்கலாம். கர்ப்பிணிக்கு ஆகாதே என்று வாடையே இல்லாத பெயிண்டாகத் தேடிப் பிடித்து, மூன்று நாள் திறந்து வைத்து மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தார். "துளிகூட வாடை இல்லை பாரு" என்று தெருவில் போகிறவரைக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றி இருபது பேர். முதல் கால் மணி நேரம் ஒருவரும் தூரிகையைத் தொடவில்லை. சொட்டுவுக்கு வியர்த்துக் கொட்டியது. நல்ல வேளையாகத் தங்கையின் அலுவலக மேலாளர் துணிந்து ஒரு பூனை வரைந்தார். "சோபா ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்று யாரோ பாராட்டப் போக, கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு கட்டைகளுக்கு அடிதடி. அப்பாடா என்று அவர் நிமிர்ந்தபோதுதான் அத்தை கைப்பையைத் திறந்தார்.

"இதெல்லாம் சின்னப் பசங்க வேலைடா. எல்லாரும் இங்க வாங்க, வயிறு எவ்வளவு சுத்தளவுன்னு..." கையில் ரோஸ் நிறக் கம்பளி நூல்கண்டு.

சிரிப்பு நின்றது. ஓரத்து நாற்காலியில் தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. சொட்டுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நொடி, "அத்தை! இதைத்தான் காலையிலேருந்து தேடிட்டிருக்கேன்!" என்று பாய்ந்தார். பச்சைப் பொய். நூல்கண்டைப் பிடுங்கி, ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, நீலத்தில் தோய்த்து, தூரிகை துடைக்க விரித்திருந்த வெள்ளைத் துணியில் பதித்தார். வளைவளைவாகக் கோடுகள் விழுந்தன. "பாத்தீங்களா? நீங்க சுத்திக் குடுத்தாதான் நல்லா வரும்."

அத்தைக்கு மூக்கின் மேல் கோபம் வருவது ஊருக்கே தெரியும். அவர் துணியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். "தள்ளுடா அந்தப் பக்கம். இப்படி நெருக்கியா சுத்துறது? கோடெல்லாம் ஒட்டிக்கிச்சு பாரு." சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார். பத்து நிமிடத்தில் அளப்பதற்கு ஒரு முழ நூல்கூட மிச்சமில்லை.

தங்கை எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று அவரும் கூடவே எழுந்தார். அவள் நேராக அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு கட்டை சுத்திக் குடுங்க அத்தை." இரண்டு முறை பதித்தாள். பிறகு மெல்ல நகர்ந்து குட்டி டின்கள் இருந்த மூலைக்குப் போனாள். வெள்ளையில் மஞ்சள் விட்டாள், கொஞ்சம் சிவப்பும் விட்டுக் கிளறினாள். "இன்னும் ஒரு சொட்டு விடவாண்ணா?"

"விடும்மா."

கலக்கி முடித்து அவரிடம் நீட்டினாள். "இந்த நிறத்துல அந்த ரூமுக்கு எத்தனை லிட்டர் வேணும்?"

அவர் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பழக்கத்தில் சுண்டுவிரலால் மூடியில் ஒரு பொட்டு வைத்து, கடையிலிருந்து கொண்டு வந்திருந்த டிரையரை எடுத்துப் பிடித்தார். அது காய்வதற்குள் தங்கை அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, 'பாப்பா ரூம்' என்று மூடியில் எழுதிவிட்டாள்.

"என்னடா கண்ணெல்லாம் சிவந்திருக்கு?" என்றார் அத்தை.

"பெயிண்ட் வாடை..." என்று ஆரம்பித்தார்.

"வாடையே இல்லைன்னு மூணு நாளா உயிரை வாங்கினது யாராம்?" என்றார் மனைவி.

சொட்டு, ஓடிக்கொண்டிருந்த டிரையரை மூடியிலிருந்து எடுத்துத் தன் கண்களுக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.