அம்மா ஏறாத வண்டி

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது லோடு வண்டி அல்ல என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். ஏசி உண்டு. பின்னால் மட்டும்தான் திறந்த தொட்டி. நம்பர் பலகை வெள்ளை. வாடகைக்கு ஓட்டுகிற வண்டிக்குத்தான் மஞ்சள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப திருச்செந்தூருக்கு ஒரு கட்டில் கொண்டுபோகணும், என்ன வாடகை கேப்பிய?" என்பார்கள்.

எல்லாம் அந்த மழையில் ஆரம்பித்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருவே குளமாகி, பழைய கார் இருக்கை வரை முங்கியது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். என் கணவர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். எதையும் நாலு தடவை யோசித்து வாங்குகிற மனிதர். அவருக்கு அன்றோடு உயரப் பைத்தியம் பிடித்தது. இனி வாங்கினால் பிக்கப்தான் என்றார், அதுவும் சொந்த உபயோகத்துக்கு.

அதற்கு இங்கே பெரிய சந்தை ஒன்றும் கிடையாது. செய்கிற கம்பெனிகள் கொஞ்சம், வாங்குகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். உப்பளக்காரர்கள், இறால் பண்ணை வைத்திருப்பவர்கள், வளைகுடாவில் ஓட்டிப் பழகித் திரும்பியவர்கள், அவ்வளவுதான். பழைய வண்டி பார்க்க நாகர்கோவில் வரை போனோம். நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்கவில்லை. விற்க வந்தது எல்லாம் மலைத்தோட்டத்தில் அடிபட்டு வந்தது. கடைசியில் புதிது என்று முடிவானது. மழைக்குப் பிறகு வருகிறவர்கள் மைலேஜுக்கு முன்னால் உயரத்தைத்தான் கேட்கிறார்கள் என்று ஷோரூம் ஆள் சொன்னார். என் கணவர் தன்னை ஒத்த புத்திசாலிகள் ஊரில் நிறைய இருப்பதில் மகிழ்ந்தார்.

நான் கேட்டது ஒன்றுதான்: என் அம்மா இதில் எப்படி ஏறுவாள்?

அம்மா உடன்குடியில் தனியாக இருக்கிறாள். ஒரு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாதாமாதம் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடம் காட்டி, உடற்பயிற்சி செய்துவிட்டுப் போக வேண்டும். விட்டால் முட்டி இறுகிவிடும், பிறகு எழுந்து நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பழைய கார் மிகவும் தாழ்வு. அதிலிருந்து அவளை எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். "உயரமான வண்டின்னா அத்தைக்கும் நல்லதுதான" என்றார் என் கணவர். ஷோரூம் ஆள் பக்கவாட்டுப் படியையும் கதவோரக் கைப்பிடியையும் காட்டினார். அவருக்கு முட்டி வலித்ததே இல்லை போலும்.

எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு உடன்குடிக்கு ஓட்டிப்போனோம். அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். ஏறத்தான் முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டோம். செம்மணலில் அதன் ஒரு கால் புதைந்து ஆடியது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். என் கணவர் நல்ல எண்ணத்தில்தான் குனிந்து அவளைத் தூக்கப் போனார்.

கருப்பட்டியைப் பனையோலை வைத்துக் கட்டுகிற கட்டுக்கு எங்கள் பக்கம் சிப்பம் என்று பெயர். அம்மா பின்னால் நகர்ந்துகொண்டு, "நான் என்ன கருப்பட்டிச் சிப்பமா மருமவனே, தூக்கி வைக்கதுக்கு?" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். மருமகன் இவ்வளவு பெரிய வண்டி வாங்கியிருக்கும்போது தான் வாடகைக் காரில் போனால் ஊர் என்ன பேசும் என்றாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். அவள் பிடித்த பிடியை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் போனது. அடுத்த மாதமும் போனது. போனில் கேட்டால் முட்டி நன்றாக இருக்கிறது என்பாள். அவளுக்குப் பொய் சொல்லவே வராது; அதனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் போனை வைத்துவிடுவாள்.

வண்டி மட்டும் சும்மா நிற்கவில்லை. சின்ன மாமனார் வீட்டு பிரிட்ஜ் போனது. கணவரின் அக்கா மகளுக்குச் சீர் வரிசைப் பாத்திரம் போனது. யாருக்கோ வாழைத்தார் போனது. என் கணவருக்கு முடியாது என்ற சொல் வாயில் வராது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "ஊர்ல உள்ள கட்டில் பீரோ எல்லாம் உங்க வண்டில ஏறியாச்சு. எங்கம்ம மட்டும்தான் ஏறல." அவர் அன்று சாப்பிடாமல் கடைக்குப் போனார். நான் சமாதானம் பேசவில்லை.

அடுத்த வாரம் கணவரின் தம்பி தன் கடைக்குக் கருப்பட்டி வேண்டும் என்று சொல்லி, எங்களை உடன்குடிக்கு அனுப்பினார். சரக்கு எடுப்பது அம்மா வீட்டை ஒட்டிய கிட்டங்கியில்தான், கருப்பட்டி அடுக்கி வைக்கிற குடோன். அப்பா கட்டியது, இப்போது வேறொரு வியாபாரி வாடகைக்கு வைத்திருக்கிறார். வீட்டுக்குள்ளிருந்தே அதற்கு வழி உண்டு. முன்னால் லோடு ஏற்றும் மேடை. லாரி உயரத்துக்குக் கட்டியதுதான். வருஷா வருஷம் ரோட்டின் மேலேயே ரோடு போட்டதில், இப்போது அது முழங்கால் உயரம்தான் இருக்கிறது.

என் கணவர் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து மேடையோடு சேர்த்து நிறுத்தினார். ஆட்கள் சிப்பங்களை வைத்தார்கள். அம்மா வீட்டு வழியாகக் கம்பை ஊன்றி வந்து மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்றி முடித்ததும், "மருமவனே, வண்டிய இப்படி நீளவாக்குல ஒட்டி நிறுத்துங்க" என்றாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் முன்னால. கதவு எங்கிட்ட வரணும்."

கதவு மேடையை உரசாமல் திறந்தது. அம்மா கம்பை என்னிடம் கொடுத்தாள். கைப்பிடியைப் பிடித்தாள், நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டுவது போல் உள்ளே போய் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கிட்டங்கி ஆட்களைப் பார்த்து, மூட்டைக்கு அடியில் போடுகிற மரப்பலகை இரண்டைப் பின்னால் போடச் சொன்னாள். "ஏளா, எம் பையை எடுத்துட்டு வா. ஆஸ்பத்திரி சீட்டு அதுலதான் கெடக்கு." போகாத இரண்டு மாதமும் அதை எடுத்து வைத்தபடியேதான் இருந்திருக்கிறாள்.

தம்பி கடையில் சிப்பங்களை இறக்கிவிட்டு, தூத்துக்குடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் கணவர் பலகைகளை இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கதவுக்குக் கீழே வைத்து, தன் காலால் மிதித்துப் பார்த்தார். ஆடவில்லை. எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு என்ன லோடு?"

நான் வெள்ளை போர்டு விளக்கத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா உள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"உடன்குடிச் சரக்கு. ஒரே ஒரு சிப்பம். தானாவே எறங்கிரும்."

சொல்லிவிட்டு, பலகையில் காலை வைத்தாள்.